பஞ்சு தொட்ட இடம்

மழை வரப்போகிறதென்றால் அந்த வீட்டில் முதலில் அறிவிப்பது ஆணிவாயரின் தாடைதான். வலது காதுக்குக் கீழே இரண்டு, முகவாய்க்குப் பக்கத்தில் ஒன்று என்று மூன்று தகடுகளை வைத்துத் திருகாணி போட்டு முடுக்கியிருக்கிறார்கள். காற்றில் ஈரம் ஏறினால் போதும், பல்வேர் வரைக்கும் குடைய ஆரம்பித்துவிடும். வானிலைக்காரர்கள் சொல்லி எத்தனையோ தடவை பொய்த்திருக்கிறது, தாடை இதுவரை ஏமாற்றியதில்லை. அந்தச் செவ்வாய்க்கிழமையும் காலையிலிருந்தே அவர் கன்னத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பதினொரு மணிக்கு அரசு ஆஸ்பத்திரியில் அந்தத் தாடையை அளக்கப் போகிறார்கள்.

வைத்தியம் பார்ப்பதற்காக இல்லை. வைத்தியம் எல்லாம் முடிந்து மாதக்கணக்காகிவிட்டது. கோர்ட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தது. இந்த ஆள் முகத்தில் பட்ட அடி ஆறிவிட்டதா, இல்லை ஆயுசுக்கும் நிற்குமா? அதற்குப் பதில் எழுதுகிற டாக்டரிடம்தான் நாளைக்குப் போக வேண்டும்.

அவருடைய சொந்தப் பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் பார்க்க முடியும். பட்டறையில், தெருவில், ஏன், முதலாளியின் பெண்டாட்டி வாயில்கூட அவர் ஆணிவாயர்தான். முப்பத்திரண்டு வருஷமாகக் குஷன் பட்டறையில் வேலை. சோபா, நாற்காலி, பஸ் சீட்டு, பல் வைத்தியரின் சாய்வு நாற்காலி என்று ஆள் உட்காருகிற எதுவும் அங்கே வரும். ரெக்சினை இழுத்துப் பிடிக்க ஒரு கை வேண்டும், சுத்தி பிடிக்க ஒரு கை வேண்டும். ஆணி எடுத்துக் கொடுக்க மூன்றாவது கையைக் கடவுள் வைக்கவில்லை. அதனால் அந்தத் தொழிலில் வாயையே கையாக்கிக்கொண்டார்கள். ஒரு பிடி பொடி ஆணியை வாயில் போட்டுக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகப் புரட்டி, கொண்டை முன்னால் வரும்படி கீழுதட்டுக்குத் தள்ள வேண்டும். முனையில் காந்தம் வைத்த சுத்தி உதட்டை ஒட்டிப் போய் ஆணியை வாங்கிக்கொண்டு வந்து மரத்தில் அடிக்கும். சுத்தி வாய்க்குப் போவதும் நாற்காலிக்கு வருவதும் பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியாது. மற்றவர்கள் பதினைந்து ஆணி போட்டால் இவர் நாற்பது போடுவார். அப்படியே பேசுவார், பாடுவார், டீக்கடைக்காரனோடு சண்டையும் போடுவார். "அவர்கிட்ட வாயைக் குடுக்காதே, ஆணியா வரும்" என்று பட்டறையில் சிரிப்பார்கள்.

அவர் மனைவிக்கும் அதே பட்டறையில்தான் வேலை. உறை தைக்கிறவள், எல்லோருக்கும் தையலக்கா. இவர்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குறையைத் தையலக்காவின் தம்பி சின்னவன் பாதி தீர்த்துவைத்தான். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் பிறந்த தம்பி. இடுப்பில் தூக்கி, மூக்கைத் துடைத்து, எழுத்துக் கற்றுக்கொடுத்து, எழுத்து ஏறாமல் போனபோது பட்டறைக்கே கூட்டிவந்து கணவர் பக்கத்துப் பலகையில் உட்கார வைத்ததும் அவள்தான். வந்த வினையை அவளே கைபிடித்துக் கூட்டிவந்தாள் என்று பின்னால் தெருவில் பேசினார்கள். அவளும் அதைத்தான் நினைத்தாள், சொல்லத்தான் ஆளில்லை.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள். நாற்பது பஸ் சீட்டு மறுநாள் போயாக வேண்டும். பக்கவாட்டுத் துண்டுகளைச் சின்னவன் வெட்டினான். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று திருப்பிப் போட்டு வெட்ட வேண்டியதை, அளவு அட்டையைத் திருப்பாமல் எண்பதையும் இடது பக்கத்துக்கே வெட்டித் தள்ளிவிட்டான். ஒரு சுருள் ரெக்சின் பாழ். ஆணிவாயர் வாய் நிறைய ஆணியோடு எழுந்தார். "உனக்கு வலது கைன்னு ஒண்ணு இருக்கா இல்லையாடா?" என்று கத்தினார். கத்திய வேகத்தில் ஏழெட்டு ஆணி தெறித்துச் சின்னவன் முகத்தில் விழுந்தது. ஒன்று இமையில் குத்தி அங்கேயே ஆடிக்கொண்டு நின்றது. பட்டறையே சிரித்தது. சின்னவன் கையில் கொட்டாப்புளி, கனத்த மரச் சுத்தி, இருந்தது.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்த ஒரு அடி விழுந்தபோது அவர் வாயில் இன்னும் முப்பது ஆணி இருந்தது. தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. ஆணிகள் கன்னத்துக்குள்ளும் ஈறுக்குள்ளும் ஏறின. அடித்தவனே அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். முதல் நாள் பத்தொன்பது ஆணி எடுத்தார்கள், அப்புறம் ஏழு. ஒன்று இன்னும் எலும்போடு ஒட்டிக்கொண்டு எக்ஸ்ரே படத்தில் மட்டும் தெரிகிறது. கீழுதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கிற நரம்பு உடைந்த எலும்புக்கு நடுவில் நசுங்கிப் போனது. ஆஸ்பத்திரிக்காரர்கள் போலீசுக்குச் சொன்னார்கள். யாரும் புகார் கொடுக்காமலே வழக்கு பிறந்துவிட்டது.

சின்னவன் ஜாமீனில் அம்மா வீட்டில் கிடந்தான். அக்கா இருக்கிற தெருவுக்கு வரக்கூடாது என்று உத்தரவு. வக்கீல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். ஆயுசுக்கும் நிற்கும் என்று டாக்டர் எழுதினால் பெரிய வழக்கு, ஏழு வருஷம் வரைக்கும் உள்ளே போக வேண்டியிருக்கும், நடுவில் யாரும் பேசித் தீர்க்க முடியாது. ஆறிவிட்டது என்று எழுதினால் இரண்டு பக்கமும் ராஜியாகி அன்றைக்கே முடித்துக்கொள்ளலாம்.

அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று, அவள் ஒரு வார்த்தையும் கேட்காமலே ஆணிவாயர் சொன்னார்: "ஆறிடுச்சுன்னு சொல்லிடுவோம்."

அவர் பேச்சு இப்போது மற்றவர்களுக்குப் பாதிதான் விளங்கும். உதடு ஒட்டிச் சொல்ல வேண்டிய எழுத்தெல்லாம் காற்றாகப் போய்விடும். அதை அப்படியே எழுதினால் படிக்கிறவர்களுக்கு வாய் கோணிக்கொள்ளும். ஆகவே தையலக்கா காதில் விழுகிறபடியே எழுதிக்கொண்டு போகிறேன். அவளுக்கு மட்டும் எல்லாம் விளங்கும்.

இன்னொன்றும் அவளுக்கு மட்டும் தெரியும். வலது பக்கக் கீழுதடும் முகவாயும் அவருக்கு மரக்கட்டை. சாப்பிட்டது ஒட்டியிருந்தாலும் தெரியாது, எச்சில் வழிந்தாலும் தெரியாது. தையலக்கா ஒரு வழி வைத்திருந்தாள். எதிரில் இருந்தபடியே ஆள்காட்டி விரலால் தன் முகவாயை இரண்டு தடவை தொட்டுக்கொள்வாள். அவர் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொள்வார். கடையில், பஸ்ஸில், பட்டறையில் மெஷினுக்குப் பின்னாலிருந்து, முதலாளி முன்னால் என்று ஒரு நாளைக்கு இருபது தடவையாவது அந்த விரல் எழும். பக்கத்தில் இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா வந்தாள். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, மாப்பிள்ளையைப் பார்க்கத் தைரியமில்லாமல் நேரே சமையலறைக்குள் நுழைந்தாள். தையலக்கா ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கரண்டியால் மசித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் அம்மா.

"அதான் அவர் சொல்லிட்டாரே, ஆறிடுச்சுன்னு சொல்றேன்னு."

"அவர் சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்றே?"

"என் முகத்தையா அளக்கப் போறாங்க?"

"நீ ஒரு மாதிரியா பேசறே. முகம் குடுத்தே பேச மாட்டேங்கறே."

தையலக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "போன மாசம் பட்டறையில யாருக்கோ பிறந்தநாள்னு கேக் குடுத்தாங்க. உதட்டுல கிரீம் ஒட்டியிருக்கு. அரை மணி நேரம் அப்படியே எல்லார்கிட்டயும் நின்னு பேசிட்டிருந்திருக்காரு. நான் உள்ள நூல் எடுக்கப் போயிட்டேன். ஒருத்தன் சொல்லலம்மா. சொல்லாம பாத்துச் சிரிச்சிட்டு நின்னானுங்க. நான் வந்து பாத்தப்போ கிரீம் காஞ்சே போச்சு."

அம்மா கிண்ணத்தில் ஊறிய ரொட்டியைப் பார்த்தாள்.

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடி, நாலு ஆணிதானே, போட்டுப் பாக்கறேன்னு வாயில போட்டாரு. மூணு கீழ விழுந்துச்சு. ஒண்ணு எங்கேன்னு தெரியல. முழுங்கிட்டாரு. மூணு நாள் நான் தூங்கல. மூணாம் நாள் அந்த ஆணி வெளிய வந்துச்சு பாரு, தங்கத்தைக் கண்ட மாதிரி கழுவி எடுத்து வெச்சிருக்கேன். இப்போ அவருக்கு என்ன வேலை தெரியுமா? நார் பிரிக்கிற வேலை. புதுசா வர்ற ஆளுக்குக் குடுக்கிற வேலை."

"அவன் வேணும்னா செஞ்சான்? அடிச்ச கைதானேடி தூக்கிட்டு ஓடுச்சு?"

"ஓடினான். அதனால இவர் உதடு திரும்பி வந்துடுச்சா?"

"தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும்பாங்க. உனக்கு ஆடலையா?"

"ஆடாமலா பத்து நாளா பஞ்சும் கையுமா அவர் முன்னாடி உக்காந்திருக்கேன்?" என்றாள் தையலக்கா. "எனக்கு யார்மேல கோவப்படறதுன்னே தெரியலம்மா. அவனைத் திட்டினா நெஞ்சு வலிக்குது. திட்டாம இருந்தா இவர் மூஞ்சியப் பாக்க முடியல. மெல்லவும் முடியல, முழுங்கவும் முடியல."

அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். "அவன் பார்வையே சரியில்லடி. சோறு எறங்கறதில்ல. கூப்பிட்டா திரும்பறதில்ல. நான் குளிக்கப் போனாக்கூடப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உக்கார வெச்சுட்டுத்தான் போறேன். ஜெயில்னு ஆச்சுன்னா என் பிள்ளைய நான் உயிரோட பாக்க மாட்டேன்."

ஜன்னலோரத்திலிருந்து ஆணிவாயர் குரல் கொடுத்தார். "அத்தை, அழாதீங்க. பத்துக்கு எட்டு மார்க் வாங்கறேன் நான். வேணும்னா உங்க பொண்ணைக் கேளுங்க."

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. மகள்தான் எடுத்துச் சொன்னாள்.

பத்துக்கு எட்டு என்றால் இதுதான். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி முகத்தில் பஞ்சால் தொடுவார், தெரிகிறதா என்று கேட்பார் என்று வக்கீல் சொல்லியிருந்தார். இவர்கள் வீட்டிலேயே ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார்கள். சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஆணிவாயர் கண்ணை மூடிக்கொண்டு உட்காருவார். தையலக்கா ஒரு சிட்டிகை பஞ்சைத் திரித்துக்கொண்டு எதிரில் உட்காருவாள். முதல் இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தார். தொட வருகிறவர் முகத்துக்குக் கிட்டே குனிந்தாக வேண்டும். குனிந்தால் அவர் மூச்சு இமையில் படும். இமைக்கு உணர்ச்சி இருக்கிறதே! மூச்சு பட்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு 'ம்' என்றால் பஞ்சு தொடுகிற நேரத்துக்குச் சரியாக இருந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். சிரித்தபோது அவருக்கு எச்சில் வழிந்தது. அவள் விரல் எழுந்தது, அவர் துடைத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைசி ஒத்திகை. பத்துக்கு ஒன்பது.

"நிஜமாவே ஒண்ணும் தெரியலையா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"ரொம்ப தூரத்துல யாரோ கதவைத் தட்டற மாதிரி சில நாள் தோணும். திறந்தா யாரும் இருக்க மாட்டாங்க," என்றார். அப்புறம், "வந்துடும். எலும்பே கூடிடுச்சு, நரம்புக்கு என்ன கேடு? மெதுவா வரும்," என்றார்.

அவளும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை தாடை சொன்னபடியே மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி நடையெல்லாம் ஈரச் செருப்புத் தடம். அறை சின்னது. ஒரு மேஜை, சாய்வு நாற்காலி ஒன்று, சுவரோரம் ஒரு ஸ்டூல். சாய்வு நாற்காலியில் உட்காருவதற்கு முன் ஆணிவாயர் அதன் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். "யாரோ அவசரத்துல அடிச்சிருக்கான். ஆணி சாஞ்சிருக்கு," என்று மனைவியிடம் முணுமுணுத்தார். அவளை ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். அங்கிருந்து அவர் முகம் நேருக்கு நேர் தெரிந்தது.

டாக்டர் முன்முடி நரைத்த ஒரு அம்மாள். ஜலதோஷம் பிடித்திருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து வைத்தார். அதில் ஒரு மனித முகம் கோட்டுப் படமாக வரைந்திருந்தது. கண், மூக்கு, உதடு எல்லாம் இருந்தும் யாருடைய முகமும் இல்லை அது. முதலில் தழும்பை அளந்தார். "அஞ்சரை சென்டிமீட்டர்," என்று எழுதினார். வாயைத் திறக்கச் சொன்னார். ஆணிவாயர் திறந்தார். தாடை வலது பக்கமாக இழுத்துக்கொண்டு போனது.

"முப்பத்தொண்ணு மில்லிமீட்டர். இன்னும் திறக்க முடியுமா?"

கண்ணில் நீர் வர இன்னும் திறந்தார்.

"முப்பத்தஞ்சு. வலிக்குதா ஐயா?"

தலையை ஆட்டி இல்லை என்றார். கன்னம் நடுங்கியது. டாக்டர் அதையும் பார்த்தார். நீலத் தாளைக் கடிக்கச் சொல்லிப் பற்கள் எங்கே முட்டுகின்றன, எங்கே முட்டவில்லை என்று குறித்துக்கொண்டார். பிறகு பஞ்சை எடுத்தார்.

"கண்ணை மூடிக்குங்க. நான் தொடுவேன். தெரிஞ்சா 'ம்' சொல்லுங்க, தெரியலன்னா சும்மா இருங்க. இது பரீட்சை இல்ல. இதுல சரி தப்புன்னு எதுவும் கிடையாது."

தையலக்கா ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

நெற்றி. 'ம்.' இடது கன்னம். 'ம்.' மூக்கு நுனி. 'ம்.' டாக்டர் குனிந்து வலது பக்கக் கீழுதட்டைத் தொட்டார். ஒன்று, இரண்டு என்று இவள் மனத்துக்குள் எண்ணினாள். 'ம்' என்றார் அவர். முகவாய். 'ம்.' உதட்டோரம். அங்கே தவறவிட்டார். மறுபடியும் உதடு. 'ம்.' டாக்டருக்கு மூக்கு அடைத்திருந்ததால் வாயால்தான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். நல்லவேளை, மூச்சு பலமாகவே பட்டிருக்கும்.

டாக்டர் நிமிர்ந்தார். தாளில் எழுதினார். எழுதும்போதே, "பரவாயில்ல, ஓரளவு உணர்ச்சி திரும்பியிருக்கு," என்றார்.

தையலக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பி முகம் கண் முன்னால் வந்தது. இன்றைக்காவது ஒரு கவளம் உள்ளே போகும் அவனுக்கு. அம்மா நிம்மதியாகக் குளிக்கப் போகலாம். உடம்பு தளர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள்.

டாக்டருக்குத் தும்மல் வந்தது. திரும்பிக்கொண்டு ஒரு தடவை, இரண்டு தடவை தும்மினார். கண்ணைத் திற என்று யாரும் சொல்லாததால் ஆணிவாயர் மூடியபடியே இருந்தார். நெடுநேரம் வாயைப் பிளந்ததில் உதடு சரியாகப் பொருந்தவில்லை. வலது ஓரத்தில் எச்சில் திரண்டு, முகவாயில் வழிந்து, நூலாகத் தொங்கியது.

தையலக்காவின் கை எழுந்தது. ஆள்காட்டி விரல் அவள் முகவாயை இரண்டு தடவை தொட்டது.

அவர் கண் மூடியிருக்கிறதே, யாருக்குக் காட்டுகிறோம் என்று அவள் யோசிக்கவில்லை. அவளைக் கேட்டா அந்தக் கை எழுந்தது? திரும்பிய டாக்டர் அவள் விரலைப் பார்த்தார். அவள் பார்வை போன இடத்தைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். தையலக்கா அவசரமாகக் கழுத்தைச் சொறிவது போல் கையைக் கீழே இறக்கினாள். எச்சில் நூல் அறுந்து சட்டையில் விழுந்தது. கண்ணை மூடியிருந்த மனிதர் அசையவில்லை, பத்துக்கு ஒன்பது வாங்கிய திருப்தி முகத்தில் அப்படியே இருந்தது.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். "இன்னும் மூணே மூணு தடவை, ஐயா," என்றார்.

மறுபடியும் குனிந்தார். பஞ்சு உதட்டுக்கு இரண்டு விரல்கடை தள்ளியே நின்றது. தொடவில்லை.

'ம்' என்றார் ஆணிவாயர்.

டாக்டர் நிமிர்ந்து, திரும்பவும் குனிந்தார். தொடவில்லை.

'ம்.'

மூன்றாவது தடவை அவர் கொஞ்சம் சிரித்தபடியே 'ம்' என்றார்.

"கண்ணைத் திறங்க. முடிஞ்சுது. பக்கத்து ரூம்ல படம் எடுப்பாங்க, போயிட்டு வாங்க," என்று உதவியாளரோடு அவரை அனுப்பினார். போகிறபோது அவர் மனைவியைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

கதவு மூடியது. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இங்க வர்றவங்க வலிக்காத இடத்துல வலிக்குதும்பாங்க. நல்லா இருக்கிற கையைத் தூக்க முடியலம்பாங்க. இருபது வருஷமா அதைத்தான் பாத்துட்டிருக்கேன். இல்லாத உணர்ச்சியை இருக்குன்னு சொல்ல யாரும் வந்ததில்ல. யாருக்காகம்மா இது?"

தையலக்கா வாயைத் திறந்தாள். வார்த்தை ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு வந்தது. "அடிச்சது என் தம்பிங்க. நான் வளத்த பிள்ளைங்க. வேணும்னு செய்யல. நீங்க முதல்ல எழுதினதையே விட்டுடுங்க டாக்டரம்மா. இவருக்கே சம்மதம். பட்டவரே வேண்டாம்னு சொன்னா அதுக்கு மேல யாருக்கு என்ன?"

"நான் எழுதறது அவர் முகத்தைப் பத்தி மட்டும்தான். யார் அடிச்சா, யார் மன்னிச்சாங்கன்னு எழுத இந்தத் தாள்ல இடமே இல்ல."

"நான் கையைத் தூக்கலன்னா?"

டாக்டர் ஜலதோஷத்தாலோ என்னவோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எழுதித்தான் முடிச்சிருந்தேன்," என்றார்.

அந்த அம்மாள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எப்படியும் கண்டுபிடித்திருப்பேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தையலக்கா மிச்சமிருக்கிற நாளைத் தள்ள அது போதுமானதாக இருந்திருக்கும். டாக்டர் எழுதியதைக் குறுக்கே அடித்துவிட்டு, பென்சிலை எடுத்து, படத்திலிருந்த முகத்தின் கீழுதட்டிலிருந்து முகவாய் வரைக்கும் வலது பாதியைக் கறுப்பாக்க ஆரம்பித்தார்.

தையலக்கா அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது போகப் போக வந்துடும்தானே?" என்றாள். "மெதுவா வரும்தானே?"

"எவ்வளவு நாளாச்சு அடிபட்டு?"

"பதினாலு மாசம்."

"வர்றதா இருந்தா இதுக்குள்ள வந்திருக்கும்மா. இப்படித்தான் இருக்கும் இனிமே. யாரும் உங்களுக்குச் சொல்லலையா?"

யாரும் சொல்லவில்லை. எல்லா டாக்டர்களும் பார்க்கலாம் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள். இரண்டு நம்பிக்கையை வைத்துக்கொண்டு உள்ளே வந்தவள் அவள். தம்பி வெளியே இருப்பான் என்று ஒன்று, உதடு திரும்பி வரும் என்று ஒன்று. எழுந்து மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "டாக்டரம்மா, அவன் செத்துடுவான்," என்றாள். கத்தவில்லை, சொல்லத்தான் சொன்னாள்.

டாக்டரின் பென்சில் நின்றது. "அந்தப் பிள்ளையைத் தனியா விடாதீங்க. இங்கயே மனசுக்குப் பாக்கற டாக்டர் இருக்காங்க, இன்னைக்கே கூட்டிட்டு வாங்க, நான் சொல்லி வைக்கறேன்," என்றார். சொல்லிவிட்டு மிச்சமிருந்த இடத்தையும் கறுப்பாக்கினார்.

வெளியே வாகனங்கள் நிற்கிற இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பெஞ்சு இருந்தது. மழை ஓய்ந்தபாடில்லை. தையலக்கா அதில் உட்கார்ந்திருந்தாள். தாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஈரத்தில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஆணிவாயர் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்ததும் அவள் முழங்கையை இடித்தார்.

"எப்படி? எத்தனை மார்க்?"

அவள் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு விட்டுட்டேன்ல? உதட்டோரத்துல. மத்ததெல்லாம் பிடிச்சுட்டேன். மூச்சு நல்லாவே பட்டுச்சு, பாவம், அந்த அம்மாவுக்குச் சளி." சிரித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தார். "உன்கிட்ட ஒண்ணு சொல்றேன், யார்கிட்டயும் சொல்லிடாதே. கடைசியா மூணு தடவை தொட்டாங்க பாரு, அதுக்கு நான் எண்ணவே இல்ல. நிஜமாவே தெரிஞ்சுது."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"சத்தியமா. லேசா, எறும்பு ஊர்ற மாதிரி. மூணு தடவையும் தெரிஞ்சுது. நான் சொல்லல, மெதுவா வரும்னு? இன்னும் ஆறு மாசம். அப்புறம் நாலு ஆணி, அஞ்சு ஆணின்னு ஆரம்பிச்சா நாற்பதுக்கு வந்துடுவேன்."

"ம்" என்றாள் தையலக்கா.

"போனை எடு. அத்தைக்கு நானே சொல்றேன்."

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு அப்போது நேரம் இருந்தது. அம்மா எண்ணைப் போட்டு, மணி அடிக்கிற வரைக்கும் இருந்தது. அவள் போனை அவர் கையில் கொடுத்தாள்.

"அத்தை, நான்தான். எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. பாதி வந்துடுச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. அழாதீங்க, அட, அழாதீங்கன்னா. மச்சான் பக்கத்துல இருக்கானா? அவன்கிட்ட குடுங்க." காத்திருந்தார். பிறகு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு சொன்னார்: "டேய், சாப்பிடுடா மடையா. எனக்கு ஆறிடுச்சு."

அந்தப் பக்கம் சின்னவன் அழுவது பெஞ்சு வரைக்கும் கேட்டது. ஆணிவாயர் கேட்டுக்கொண்டே இருந்தார், ம், ம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டே இருந்தார். வலது உதட்டோரத்தில் எச்சில் இறங்கியது.

தையலக்காவின் விரல் பாதி வரைக்கும் எழுந்தது. அவள் அதை மற்றக் கையால் பிடித்து மடியில் அமுக்கிக்கொண்டாள். பிறகு கைக்குட்டையை எடுத்துத் தானே அவர் முகவாயைத் துடைத்துவிட்டாள். அழுத்தித்தான் துடைத்தாள். அவருக்குத் தெரியவில்லை. கைக்குட்டை கண்ணில் பட்ட பிறகுதான் போனைக் காதிலிருந்து எடுத்து, "என்ன?" என்றார்.

"சாரல் அடிக்குது," என்றாள்.